தலகாணியின் சாட்சியம்

“எஞ்சினை அணைச்சா நானும் அணைஞ்சிடுவேன். அப்புறம் காதுகிட்ட வெடி வெச்சாலும் எனக்குத் தெரியாது. மறுபடி சாவியைத் திருப்பினாத்தான் இந்த உடம்புக்கு உயிர் வரும். என்னை மாதிரி தூங்குற டிரைவர் இன்னொருத்தன் இருந்தா காட்டுங்க, ஸ்டியரிங்கை அவன் கையில குடுத்துட்டு நான் டிக்கியில ஏறிப் படுத்துக்கறேன்.”

ஓட்டுநர் சங்க ஆண்டு விழாவில், ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலகாணி செய்த பிரகடனம் இது. கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் படம்பிடித்தும் வைத்தார். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

வெறும் வாய்ச்சவடால் என்று இதைத் தள்ளிவிட முடியாது. வண்டியை நிறுத்துவார். கைப்பிரேக்கை இழுப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவார். இரண்டு கையையும் கோத்துத் தொப்பையின் மேல் வைப்பார். அவ்வளவுதான், ஆள் போயாயிற்று. விமான நிலையம், நட்சத்திர ஓட்டல், இரங்கல் கூட்டம், வரவேற்புக் கூட்டம் என்று எந்தப் பாகுபாடும் பார்த்ததில்லை. வீட்டில்தான் சிக்கல். கட்டிலுக்கு எஞ்சின் கிடையாதே. புரண்டு புரண்டு படுப்பார். கடைசியில் அவர் மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். மிக்ஸியைச் சற்றுநேரம் வெறுமனே ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்துவாள். மறுநிமிடம் குறட்டை கேட்கும்.

இந்தத் திறமைதான் அவருக்குச் சோறு போட்டது. அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்த தலைவருக்கு நல்ல ஓட்டுநர் அமையவில்லை. ஒருவன் பின்சீட்டில் கேட்டதைப் பத்திரிகைக்காரர்களிடம் ஒப்பித்தான். அடுத்து வந்தவன் அதைவிட மோசம், பின்சீட்டில் கேட்டதற்குக் கருத்துச் சொன்னான். மூன்றாவதாகத் தலகாணியைச் சோதித்துப் பார்த்தார்கள். வண்டியை நிழலில் நிறுத்தச் சொல்லிவிட்டு, தலைவரும் செயலாளரும் பின்னால் உட்கார்ந்து நாட்டின் நிதிநிலையைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். முன்சீட்டிலிருந்து வந்த குறட்டையில் நிதிநிலை யார் காதிலும் விழவில்லை. அன்றே வேலை உறுதியாயிற்று. தூக்கத்தை நம்பிப் பிழைக்கிறவர்கள் அரசாங்கத்தில் நிறையப் பேர் உண்டு. அதையே தகுதியாகச் சொல்லி எடுக்கப்பட்டவர் அநேகமாக இவர் ஒருவர்தான்.

பிறகு தேர்தல் வந்தது, தலைவர் போனார். நாற்காலி, கொடி வைத்த கார், வாசல் காவல் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. கூடவே வந்தது தலகாணியும் காகிதமும்தான். சிவப்பு மையில் ‘ரகசியம்’ என்று முத்திரை குத்திய கோப்புகள், அட்டைப் பெட்டிகளில், வீட்டின் பின்கட்டு அறை முழுக்க. பதவி போனால் அவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். தலைவர் அவற்றை விற்கவில்லை, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவுமில்லை. என்றைக்காவது யாராவது பார்க்க வந்தால், ஒரே ஒரு தாளை எடுத்து, எட்ட நின்று, எழுத்துத் தெரிகிறதோ இல்லையோ முத்திரை தெரியும்படி காட்டிவிட்டு உள்ளே வைத்துவிடுவார். பார்க்க வருகிறவர்கள் வரவரக் குறைந்துகொண்டே வந்தார்கள். அந்தப் பெட்டிகள் இருக்கும்வரைதான் தானும் பழைய ஆள் என்று மனுஷனுக்கு ஒரு நினைப்பு. தலகாணிக்கு அது புரிந்தது. தூக்கம் ஒன்றைத் தவிர வேறெதையும் சேர்த்து வைக்காதவருக்கே புரிந்தது.

ஆவணக் காப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாவற்றையும் கொடுத்தாயிற்று என்று தலைவர் பதில் போட்டார். நேரில் வந்து பார்க்கப்போகிறோம் என்று அடுத்த கடிதம் வந்தது.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். தலகாணி காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தார். வாசல் போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, முறைப்படி கண்ணாடியைக் கழற்றி, கையைக் கோத்து, கண்ணை மூடியும் ஆயிற்று. தூக்கம் மட்டும் வரவில்லை. தாடைக்குள் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். இது வெளியில் தெரிந்தால் மானம் போகும் என்று கண்ணைத் திறக்காமலே கிடந்தார்.

அப்போது யாரோ வருகிற சத்தம். இமையை நூலிழை திறந்து பார்த்தார். தலைவர். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலில், பூனைநடை நடந்து, மார்போடு ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வந்தார். டிக்கியைத் திறக்கும் பிடி ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. தலைவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டார். வழியில் தலகாணியின் தொப்பை. அதைத் தொட்டுவிடாமல் கையை வளைக்க அந்த வயதில் அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. அவர் மூச்சைப் பிடித்தார். தலகாணியும் பிடித்தார். தூங்குகிறவன் மூச்சைப் பிடிக்க மாட்டானே என்று பிறகுதான் உறைத்து, மரியாதைக்கு ஒரு குறட்டை விட்டார். அதில் கொஞ்சம் நடிப்பு தூக்கலாகிவிட்டது. நல்லவேளை, தலைவர் கவனிக்கவில்லை.

பெட்டி மேல் பெட்டியாக ஏற ஏற வண்டியின் பின்பக்கம் அமுங்கியது. தலைவருக்கு மூச்சு வாங்கியது. ‘நகருங்க ஐயா, நான் தூக்கறேன்’ என்ற சொல் தலகாணியின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. எழுந்தால் இரண்டு பேருக்கும் வெட்கம். கடைசிப் பெட்டியை வைத்து மூடிய பிறகும் தலைவர் போகவில்லை. வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். ஓட்டுநர் முகத்தில் வெயில் சரிந்து விழுவதைப் பார்த்தார். வெயில் மறைக்கும் அட்டையைத் தேடி எடுத்து, சத்தம் போடாமல் விரித்து, முன்கண்ணாடியில் பொருத்தினார். அதன் பிறகுதான் உள்ளே போனார்.

சற்றுநேரம் கழித்துச் செருப்புச் சத்தத்தோடு வந்து வண்டியின் கூரையைத் தட்டினார். “என்னப்பா, நல்ல தூக்கமா?”

“அடிச்சுப் போட்ட மாதிரிங்கய்யா.”

வண்டியைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பச் சொன்னார் தலைவர். தலகாணி அப்படியே செய்தார்.

அதிகாரிகள் தங்கை வீட்டுக் கார் கொட்டகையையும் விடவில்லை. பழைய மெத்தைகளுக்கு அடியில் பெட்டிகள் கிடைத்தன. அரசு ரகசியங்களை ஒளித்ததாகத் தலைவர் மேல் குற்றவழக்குப் பதிவாயிற்று. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் அவர். வீட்டைத் துடைத்துப் பெருக்குகிற பெண்மணி பழைய காகிதம் என்று நினைத்து வண்டியில் ஏற்றியிருப்பாள், பின்கட்டு அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது என்றும் சொன்னார். இதைத் தலைவர் தானே யோசித்தாரா, வக்கீல்கள் யோசித்துக் கொடுத்தார்களா என்பது யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்மணி தலகாணியைவிடக் கொஞ்சம் மூத்தவர். அதனால் அவருக்கு அக்கா, அவரைப் பார்த்து அந்த வீட்டில் எல்லோருக்குமே அக்கா. நாட்டை ஆண்டவரும் வீட்டைப் பெருக்கினவரும் ஒரே குற்றப்பத்திரிகையில் அடுத்தடுத்த வரியில் இடம்பெற்றார்கள். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா என்று தொலைக்காட்சியில் ஒருவர் நெகிழ்ந்தார்.

விசாரிக்க வந்தவர்களிடம் தலகாணி, “தூங்கிட்டேங்க” என்றார். அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. விழாப் பேச்சை அவர்களும் பார்த்திருந்தார்கள். அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் தலைவரின் பெரிய வக்கீலே வீடு தேடி வந்தார். தலைவர் வீட்டுக் கார் கொட்டகைக்கு மேலே தலகாணி குடியிருந்த ஒண்டுக்குடித்தன அறைகளைச் சுற்றிப் பார்த்தார். ஆயுசுக்கும் இங்கேயே இருக்கலாம், ஐயா உங்களைக் கைவிட மாட்டார் என்றார். பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, எப்போதும் சொல்வதையே கோர்ட்டிலும் சொன்னால் போதும் என்றார். அவர் படி இறங்கியதும் தலகாணியின் மனைவி தன் கருத்தைச் சொன்னாள். “இத்தனை வருஷம் தூங்கியே குடும்பம் நடத்தியாச்சு. இன்னும் ஒரே ஒரு நாள் தூங்கிடுங்க.” அன்றைக்கு நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரியும். அந்தக் குறட்டையைக்கூட நடித்துக் காட்டியிருந்தார்.

இரண்டு நாள் பொறுத்து அக்கா வந்தார். கெஞ்சுவார், அழுவார் என்று தலகாணி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். அக்கா அழவில்லை. நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, டீ ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். நோட்டீஸ் வந்ததிலிருந்து பொட்டுத் தூக்கம் இல்லை என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“தம்பி, நான்தான் எடுத்து வெச்சேனா?”

தலகாணி எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

“தினமும் நூறு சாமானைத் தூக்கறேன், வெக்கறேன். எது எதுன்னு மனசுல நிக்குமா? படிச்சவங்க இத்தனை பேர் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாயிடுச்சு. நீ வண்டியிலதானே இருந்தே. நான் வந்தேனாப்பா?”

“நீங்க வரலைக்கா” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கண் திறந்திருந்தது தெரிந்துவிடும். “நான் தூங்கிட்டேன்க்கா” என்றார். சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல் இருந்தது.

“ஆமா, உனக்கு எப்படித் தெரியும்” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அக்கா எழுந்து போனார். போகும்போது டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் மனைவி மிக்ஸியை ஓட்டி நிறுத்தினாள். பிறகு மறுபடி ஓட்டி நிறுத்தினாள். கட்டிலில் குறட்டை இல்லை. மிக்ஸி சூடாகி லேசாகப் புகைந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சரி, போய்ச் சொல்லிடுங்க. வேற வீடு பாத்துக்கலாம். இப்படியே போனா மிக்ஸியும் மிஞ்சாது.”

கோர்ட்டில் பெரிய வக்கீல் அவரைத் தன் தரப்புச் சாட்சியாகவே கூப்பிட்டார். வழக்கம்போல அன்றும் தூங்கிவிட்டீர்கள், அப்படித்தானே என்று சிரித்தபடி ஆரம்பித்தார்.

“இல்லீங்க. அன்னைக்கு முழிச்சிட்டிருந்தேன்.”

பிறகு தலகாணி சொல்ல ஆரம்பித்தார். பிடுங்கின பல், படியில் விட்ட செருப்பு, ஜன்னல் வழியாக வந்த கை, பெட்டிகள், அமுங்கிய வண்டி. அக்கா அந்தப் பக்கமே வரவில்லை என்பதை இரண்டு தடவை சொன்னார். தலைவர் நிமிர்ந்து பார்த்த பார்வை, உட்கார்ந்திருந்த நாற்காலி திடீரென்று வாய் திறந்து பேசியதுபோல் இருந்தது. நீதிபதி அம்மா எழுதிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவர் பேனாவைக் கீழே வைக்கப் போக, தலகாணி தடுத்தார்.

“ஐயா எனக்கு வெயில் படக்கூடாதுன்னு அட்டை வெச்சார். அதையும் எழுதிக்கங்கம்மா.”

நீதிபதி எழுதினார். தலைவர் தலை குனிந்தது.

அப்படியானால் அதிகாரிகளிடம் தூங்கினதாகச் சொன்னது என்ன என்று நீதிபதி கேட்டார். அது பொய், அதற்கு உள்ள தண்டனையைக் கொடுங்கள் என்றார் தலகாணி. தன் சாட்சியே கவிழ்ந்துவிட்டதால், குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு பெரிய வக்கீல் மறுபடி எழுந்தார். விழாப் பேச்சைத் திரையில் ஓடவிட்டார். கோர்ட்டு குலுங்கிச் சிரித்தது. பல் வலி மாத்திரை தூக்கம் தரக்கூடியது, ஆகவே இவர் கண்டது கனவு என்றார். அந்த மாத்திரையைப் போட்டால் வண்டி ஓட்டக்கூடாது என்று எழுதியிருந்தது, அதனால் போடவில்லை என்றார் தலகாணி.

வக்கீல் கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். கைப்பற்றிய ஆவணங்களின் பட்டியலை இந்தச் சாட்சியை வைத்துக்கொண்டே முழுக்கப் படிக்க வேண்டும் என்று கேட்டார். நோக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், தலைக்கு மேல் மின்விசிறி, கை வைத்த நாற்காலி. இந்த மனுஷன் அங்கே கண் அசந்தால் அவர் சாட்சியமும் சேர்ந்து படுத்துவிடும். அக்காவின் கதி பழையபடி ஆகிவிடும். நீதிபதி யோசித்துவிட்டு அனுமதித்தார்.

குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தலைப்புகளும் ரகசியம் என்பதால் அவை கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. “கோப்பு. தலைப்பு மறைக்கப்பட்டது. கோப்பு. தலைப்பு மறைக்கப்பட்டது. இணைப்பு. தலைப்பு மறைக்கப்பட்டது. கோப்பு…”

முதலில் வாசல் காவலர் கதவில் சாய்ந்தார். பிறகு பத்திரிகைக்காரர்களின் வரிசை ஒரு பக்கமாகச் சரிந்தது. தலைவரின் மோவாய் மார்பில் இறங்கியது. சாட்சியைக் கழுகுபோல் பார்த்துக்கொண்டிருந்த பெரிய வக்கீல், இன்னும் கவனமாகப் பார்ப்பதற்காகக் கண்ணைச் சுருக்கினார். சுருக்கிய கண் அப்படியே மூடிக்கொண்டது.

தலகாணிக்கும் வந்தது. பழகின இடம் என்று உரிமையோடு வந்து இமையில் உட்கார்ந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கையைக் கோக்கவில்லை. எதிர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அக்கா, கைப்பையை மடியில் வைத்தபடி, தலையைச் சுவரில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கத்தில் இருந்தார்.

குமாஸ்தா தண்ணீர் குடிக்க நிறுத்தினார். நீதிபதி கோர்ட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கும் அசைவில்லை.

“சாட்சி? நீங்களும் தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்கம்மா” என்றார் தலகாணி, குரலைத் தாழ்த்தி. பிறகு குமாஸ்தாவின் பக்கம் குனிந்தார். “கொஞ்சம் மெதுவாப் படிங்க தம்பி. அக்கா இப்பத்தான் கண் அசந்திருக்காங்க.”