ராஜபாளையம் வரை வந்த சித்தப்பா

எம்.எஸ்சி. படிக்க மதுரையிலும் சென்னையிலும் இடம் கிடைத்தது. சென்னைதான் என்று பிடிவாதம் பிடித்தேன். மறுநாள் காலை அங்கே அசல் சான்றிதழ்களைக் காட்டாவிட்டால் இடம் போய்விடும்.

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் எல்லோரிடமும் விடைபெறும்போது சான்றிதழ் ஃபைலைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே என் மூட்டைகளை ரயிலுக்குள் அடுக்கினார். இறங்குவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

"டிக்கெட் இல்லாம, கட்டுன சாரத்தோட எங்கன போவேன் மக்கா?" என்று இடுப்பு லுங்கியைப் பிடித்துக்கொண்டு புலம்பினார். ராஜபாளையம் வரை அவரைக் கேலி செய்துகொண்டே போனேன். அங்கே இறங்கியவர் திரும்பி ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"ஏட்டி, இத வச்சு நானா படிக்கப் போறேன்?" என்று ஃபைலை நீட்டினார்.

என் சிரிப்பு நின்றது. அவர் நேரத்துக்கு இறங்கியிருந்தால் ஃபைலும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

இப்போதெல்லாம் முக்கியமான காகிதங்கள் என் தோள்பையில்தான். வழியனுப்ப வரும் சித்தப்பாவுக்கு ராஜபாளையம் வரை ஒரு டிக்கெட்டும் எடுத்துவிடுகிறேன்.