தொப்பி வாத்தின் மாமனார்

எங்கள் சந்தில் ஹிந்தி தெரிந்த ஒரே ஆள் கபாலி. போன வாரம் வரைக்கும் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பாதித் தலை வழுக்கையான பிறகு இப்படி ஏமாந்தது தெரிந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சந்து. நாங்கள் சிறுசுகளாக இருந்தபோது அங்கே கலர் டிவி இருந்தது நஸ்ருன்னிசா வீட்டில் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தப் பட்டாளமும் அங்கே ஆஜர். அவள் அம்மா உருதில் எங்களை அதட்டிக்கொண்டே ஆளுக்கொரு ரஸ்க் கொடுப்பார். தூர்தர்ஷனில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் ஓடும். பேச்சு முழுக்க ஹிந்தி. தலைப்பைக்கூடப் படிக்கத் தெரியாத நாங்கள் அதற்குத் ‘தொப்பி வாத்து’ என்று பேர் வைத்தோம். தொப்பி போட்ட வாத்து ஓடும். கோட்டுப் போட்ட கரடி வலையோடு துரத்தும். தோல்பை மாட்டிய நரி ஒன்று கூடவே ஓடும். எதற்கு ஓடுகிறார்கள் என்று ஒரு மண்ணும் புரியாது.

ஒருநாள் கபாலி எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்றான். ரயில்வேயில் இருந்த பெரியப்பாவோடு லீவுக்கு நாக்பூர் போய்விட்டு வந்திருந்தான். அந்தத் தகுதி போதாதா?

“கரடி இன்னா சொல்லுதுன்னா, ‘மாப்ள, மரியாதையா வந்து என் பொண்ணு கழுத்துல தாலி கட்டு.’”

அவ்வளவுதான், கதை பிடிபட்டுவிட்டது. கரடி மாமனார். வாத்து கல்யாணத்துக்குப் பயந்து ஓடும் மாப்பிள்ளை. நரி தரகர், பை நிறைய ஜாதகம். “வலை எதுக்குடா?” என்று நான் கேட்டேன். “பட்டினப்பாக்கத்துல மீன் புடிக்கிற ஆளு. வலை இல்லாம இன்னா இருக்கும்?” என்றான். கேட்டவனுக்குத்தான் அறிவில்லை என்று எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பொண்ணு எங்க?” என்று நஸ்ரு கேட்டாள்.

“உள்ள கீது. வெக்கப்படுது.”

கார்ட்டூன் முடிகிற வரைக்கும் அந்தப் பெண் வெளியே வரவே இல்லை. வாராவாரம் நாங்கள் காத்திருந்ததுதான் மிச்சம். கபாலி வாயைத் திறந்தால் நஸ்ரு எழுந்து டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். உள்ளே அவள் அப்பா தூங்குகிறார் போல என்று நினைத்துக்கொள்வோம்.

ஹிந்தி தெரியும் என்ற அந்தப் பேர்தான் கபாலிக்குச் சோறு போட்டது. படிப்பு ஏறவில்லை. “ஹிந்தி தெரிஞ்ச பையன்” என்று யாரோ சொல்லி தி. நகரில் ஒரு புடவைக் கடையில் சேர்த்துவிட்டார்கள். சேட்டு வீட்டுப் பெண்கள் வந்தால் முதலாளி இவனைத்தான் கூப்பிடுவார். இவன் புடவையை விரிப்பான், தலையை ஆட்டுவான், “அச்சா” என்பான், விலையைக் கால்குலேட்டரில் காட்டுவான். அளந்து பேசுகிற ஆள், நம்பலாம் என்று அவர்களும் வாங்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அவன் அந்தக் கடையில் ஒரு மாடிக்கே சூப்பர்வைசர். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அவனுக்குக் கல்யாணமாகி, சைதாப்பேட்டையில் ஃப்ளாட் வாங்கி, மகள் ஷ்ரேயா பிறந்தாள். வாத்துக் கதை கேட்டுத்தான் அந்தப் பெண் சோறு தின்றாள். தன் அப்பா ஹிந்தியிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்கிறார் என்று வகுப்பு முழுக்கப் பெருமையடித்தும் வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து எவனோ அந்தக் கார்ட்டூனைத் தூசி தட்டிப் புதிதாக எடுத்து, தமிழிலேயே பேசவிட்டு, ஆப்பில் ஏற்றிவிட்டான். விளம்பரத்தைப் பார்த்த ஷ்ரேயா குதித்தாள். எனக்கும் நஸ்ருவுக்கும் அவளே போன் செய்து, “ஞாயித்துக்கிழமை வந்துடுங்க, மாமனார் தமிழ்ல பேசப் போறார்!” என்றாள்.

சனிக்கிழமை லஸ் முனை டீக்கடையில் கபாலி என்னைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

“சாயி, எனக்கு ஹிந்தி தெரியாதுடா.”

“மறந்துபோச்சா?”

“எப்பவுமே தெரியாது, மச்சி.”

எனக்கு வந்த கோபத்தில் டீயை அப்படியே வைத்துவிட்டேன். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு டெல்லிக்காரனிடம், ‘உனக்கு ஹிந்தி சரியாகத் தெரியாது, அந்தக் கரடி மாமனார்தான்’ என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவன் நான். அவன் என்னை எப்படிப் பார்த்தான் என்பது இப்போதுதான் விளங்கியது.

“என்னைத் திட்டு, வாங்கிக்கிறேன். நாளைக்கு என் பொண்ணு மூஞ்சில எப்பிடிடா முழிப்பேன்?” என்றான். கடைக்காரன் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை அவன் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். நஸ்ரு இப்போது கோபாலபுரத்தில் கணக்கு டீச்சர். பழக்கம் விடாமல் ரஸ்க் வாங்கி வந்திருந்தாள்.

படம் ஆரம்பித்தது. வாத்துக்குத் தொப்பி போய் ஹெட்போன் வந்திருந்தது. கரடி இளைத்து யோகா செய்துகொண்டிருந்தது. எழுந்தது, வலையை எடுத்தது, வாயைத் திறந்தது.

“பயப்படாதே நண்பா. நான் ஒரு பறவை ஆராய்ச்சியாளன். உன் உணர்வுகளை நான் மதிக்கிறேன்.”

இதற்கு அந்தக் காலத்து ஹிந்தியே தேவலாம்.

ஷ்ரேயா படத்தை நிறுத்தினாள். “அப்பா, மாமனார் எங்க?”

“புச்சா எடுக்கும்போது மாத்திட்டாங்கோ கண்ணு,” என்றான் கபாலி. நெற்றி வேர்த்துவிட்டது.

அவள் நஸ்ருவிடம் திரும்பினாள். “ஆன்ட்டி, உங்க வீட்ல உருதுதானே? ஹிந்தி புரியுமே. அப்போ கரடி என்ன சொல்லிச்சு?”

நானும் கபாலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உருது அவர்கள் வீட்டுப் பாஷை, ஹிந்தி டிவி பாஷை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எங்களில் ஒரு மடையனுக்கும் உறைத்ததில்லை.

நஸ்ரு பொய் சொல்லியிருக்கலாம். கணக்கு டீச்சருக்கு அது வரவில்லை. “அப்பவும் ஆராய்ச்சிதான்மா,” என்றாள்.

ஷ்ரேயா அப்பாவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது.

“எங்க வீட்ல எல்லாருக்கும் முதல் வாரமே தெரியும்,” என்றாள் நஸ்ரு. “நான் சிரிச்சுட்டேன்னு அம்மா கிள்ளினாங்க. அப்பா தூங்குறார்னுதானே நினைச்சீங்க? உள் ரூம் திரைச்சீலைக்குப் பின்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருப்பார். ‘பையன் சொல்றது கேக்கல, டிவிய குறை’ன்னு சொன்னதே அவர்தான். நிஜக் கதை அவ்ளோ போர். கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணு வெளிய வரலையேன்னு அவருக்கு ஒரே குறை.”

சொல்லிவிட்டு ரிமோட்டை எடுத்து, சத்தத்தை அணைத்து, படத்தை ஓடவிட்டாள்.

திரையில் ஒரு கதவு திறந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் கரடி ஸ்கேட்டிங் பலகையில் வெளியே வந்தது. பழைய கார்ட்டூனில் இல்லாத ஆள். இந்தக் காலத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள்.

கபாலி தொண்டையைக் கனைத்தான். மெல்ல எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்றான்.

“வந்துட்டா பாரு,” என்றான். “உள்ள கீதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல?”

“என்னப்பா சொல்றா?”

“‘நைனா, வலைய கீழ வெய்யி. இந்த மாப்ள எனக்கே வேணாம்’ன்றா.”

ஷ்ரேயா நகர்ந்து போய் நஸ்ருவின் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி, யாரும் எடுக்க முடியாதபடி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.