பதிவேட்டில் இருந்த பெண் குழந்தை

விமான நிறுவனத்தின் மின்னஞ்சல் வந்தபோது நான் ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊருக்குள் சிக்னல் வராது. அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அங்கே வந்து போனைப் பார்ப்பது வழக்கம். தேர்வாகிவிட்டேன் என்று முதல் வரியிலேயே இருந்தது. துணை விமானிப் பயிற்சியில் சேர ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அனுப்ப வேண்டிய சான்றிதழ்களின் பட்டியல் கீழே. மூன்றாவதாகப் பிறப்புச் சான்றிதழ்.

அந்த மூன்றாவது வரியை நான் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. பேருந்து வந்ததும் ஏறி உட்கார்ந்து, வீடு வரைக்கும் முதல் வரியையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போனேன்.

அந்த வரிக்காக நான் காத்திருந்தது கொஞ்ச காலம் இல்லை. மலை மக்களின் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அங்கேயே மூன்று வருடம், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் சுற்றுலாப் பயணிகளைக் காட்டு விடுதிகளுக்கு ஏற்றிச் சென்று இறக்கும் வேலை. நல்ல வேலைதான். ஆனால் நான் விமானம் ஓட்டி என் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. அம்மாவுக்கு நான் அனுப்பிய படங்களில் விமானம் இருந்தது, நான் இருந்தேன், மண் ஓடுதளம் இருந்தது. "ஜீப்பு மாதிரி இருக்குதே" என்றாள். நம் ஊரில், நான் ஓட்டும் பெரிய விமானத்தில் அவளை ஏற்ற வேண்டும் என்று எப்போது தோன்றியதோ, அப்போதே தென்னாப்பிரிக்கா எனக்குப் பழசாகிவிட்டது. திரும்பி வந்தேன். வெளிநாட்டு உரிமம் இங்கே அப்படியே செல்லாது. தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, மறுபடி சில மணி நேரம் பறந்து காட்டுவது என்று ஒன்றரை வருடம் போனது. அதன் பிறகு வந்த மின்னஞ்சல் அது.

மறுநாள் இ-சேவை மையத்துக்குப் போனேன். நான் வீட்டில் பிறந்தவள். பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் தோராயமாக ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில் பிறந்தவர்கள்தான். அந்தத் தேதிதான் மதிப்பெண் பட்டியலுக்குப் போனது, பாஸ்போர்ட்டுக்கும் போனது. பிறப்புப் பதிவு இருக்காது, "பதிவு இல்லை" என்று ஒரு தாள் வாங்கி மேற்கொண்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கணினியில் தேடிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இருக்குதே. உங்க பேரு, அப்பா பேரு, அம்மா பேரு, ஊரு எல்லாம் சரியா இருக்குது. தேதி மட்டும் வேறயா காட்டுது."

போளூரில் ஒரு மருத்துவமனையில் பிறந்ததாகப் பதிவாகியிருந்தது. தேதி, என் ஜூனுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தியது. சிரித்துவிட்டேன். ஒரே நாளில் இரண்டு வயது கூடிவிட்டதே என்று நினைத்தேன். அச்சடித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அப்பா களத்தில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். தாளைக் காட்டி, "இன்னாப்பா, நான் போளூர் ஆஸ்பத்திரியிலயா பொறந்தேன்? வூட்டுல பொறந்தன்னு தான சொன்னீங்க?" என்றேன்.

அப்பாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தேதி இருந்த இடத்தில் விரலை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது நீ இல்ல கண்ணு," என்றார். "உங்கம்மாகிட்ட இதக் காட்டாத."

எனக்கு முன்னால் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். பிரசவம் சிக்கலாகி அம்மாவை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, ஜீப் பிடித்து போளூர் போயிருக்கிறார்கள். அங்கே பிறந்ததால் பதிவாகிவிட்டது. பேர் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம் அப்பாவே சொல்லியிருக்கிறார். எட்டு மாதத்தில் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. யாரும் எங்கேயும் போய்ச் சொல்லவில்லை, பதியவும் இல்லை. அடுத்து நான் பிறந்தபோது அம்மா அதே பெயரை எனக்கு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

அதாவது பதிவேட்டில் இருந்தவள் அவள். அங்கே அவள் உயிரோடு இருந்தாள். நான் பிறக்கவே இல்லை.

என் பிறப்பைப் பதியக் கேட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். தாசில்தார் நிதானமான மனிதர். தாள்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்கள நம்பலன்னு இல்லம்மா. ஒரே அப்பா அம்மாவுக்கு ஒரே பேர்ல ரெண்டு பொண்ணு, ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்கன்னு நான் எப்படி எழுதிக் கொடுக்கறது? மொதல்ல அந்தக் குழந்தை இறந்துட்டதப் பதியணும். அதுக்கு விசாரணை பண்ணி கோட்டாட்சியர் உத்தரவு போடணும். அப்புறம் தான் உங்க பிறப்ப எடுக்க முடியும்."

"எனக்கு அஞ்சு வாரம் தான் சார் இருக்குது."

"புரியுதும்மா," என்றார். உண்மையிலேயே புரிந்தவர் போலத்தான் இருந்தது அவர் முகம். அதனால் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

விசாரணை என்றால் அம்மாவைக் கேட்பார்கள். அப்பா சொன்னபடி மறைக்க வழியில்லை. அன்று சாயங்காலம் அம்மா அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு காம்பை ஒடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தாளை அப்படியே அவள் மடியில் வைத்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னா இது?"

"எனக்கு முன்னாடி பொறந்தவளோட பொறப்புச் சர்டிபிகேட்டும்மா."

அம்மா கையைச் சேலையில் துடைத்தாள். தாளை எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இதுல அவ பேரு எது?"

காட்டினேன். என் பெயர்தான் அது.

"இத்தன வருசமா இது எங்க இருந்திச்சி?"

"கவர்மெண்டுகிட்டம்மா. கம்ப்யூட்டர்ல."

"அங்க போயி யாருமே கேக்கலயா," என்றாள். என்னைக் கேட்டாளா, தன்னையே கேட்டுக்கொண்டாளா தெரியாது. பிறகு, "இத நான் வச்சிக்கட்டுமா?" என்றாள். அந்தத் தாளை நான்கு மடிப்பாக மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அவளிடம் அந்தக் குழந்தையின் படம் கிடையாது, துணி கிடையாது. அலுவலகத்துக்காக நான் இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவை அவசரப்படுத்தினேன். சாட்சிக்கு யாரெல்லாம் இருந்தார்கள், எங்கே புதைத்தீர்கள், எந்த மாதம், எந்தக் கிழமை என்று ஒரு நோட்டை வைத்துக்கொண்டு தினமும் கேட்டேன். அவள் "நெனப்பு இல்ல" என்றால் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள், "உனக்கு நெனப்பு இருக்குதும்மா, சொல்லத்தான் மாட்டேங்கற" என்று கத்திவிட்டேன். அப்பா எழுந்து வெளியே போனார்.

விசாரணைக்கு வந்த வி.ஏ.ஓ. என்னைவிட இளையவர், ஆலங்காயத்துப் பெண். மழையில் பாதை அரித்துப்போயிருந்ததால் ஸ்கூட்டியைக் கீழேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தார். ஆறு வாரத்தில் மூன்று அதற்குள் முடிந்திருந்தது. புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். அம்மா முன்னால் நடந்தாள். எங்கள் நிலத்துக்கு மேலே, பாறைக்கு அந்தப் பக்கம், உன்னிச்செடி மண்டிய சரிவு. நான் ஆடு மேய்த்தபோது நூறு தடவை நடந்த இடம். அம்மா ஒரு இடத்தில் நின்று காலால் புதரை விலக்கினாள். அங்கே ஒன்றும் இல்லை. ஒரு கல்கூட வைக்கவில்லை.

"இங்கதான்," என்றாள்.

வி.ஏ.ஓ. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனில் படம் எடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "இறந்த தேதி போடணும்மா. தோராயமா சொன்னாக்கூடப் போதும்."

"சாம அறுத்துக்கினு இருந்தோம்," என்றாள் அம்மா. "பாதி அறுத்திருந்தோம். மீதிய அறுக்கல, அப்படியே வுட்டுட்டோம்."

"அது எந்த மாசங்கம்மா? தேதி ஒண்ணு கண்டிப்பா வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் நான்தான். அவள் பிறந்த தேதியிலிருந்து எட்டு மாதம் கூட்டினேன். வந்த மாதம் அறுப்புக்குப் பொருந்தியது. அந்த மாதத்தில் வாய்க்கு வந்த ஒரு நாளைச் சொன்னேன். வி.ஏ.ஓ. எழுதினார். அம்மா கைநாட்டு வைத்தாள். மை பட்ட கட்டைவிரலை உன்னிச்செடி இலையில் துடைத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் தீர்ந்தது. நிறுவனத்தில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். முதலில் பதினைந்து நாள் தள்ளிக் கொடுத்தார். பிறகு அடுத்த அணியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அடுத்த அணி போனது. என்னோடு தேர்வானவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் சீருடை அளவு கொடுத்த படங்கள் வந்தன, பயிற்சி மையத்தின் வாசலில் நின்று எடுத்த படம் வந்தது. நான் வாழ்த்துச் சொன்னேன். பிறகு அந்தக் குழுவைத் திறப்பதை நிறுத்திவிட்டேன். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு விடியற்காலைப் பேருந்தில் மலையிறங்கிப் போய், "கோப்பு மேசைக்குப் போயிருக்கு" என்ற பதிலைக் கேட்டுவிட்டுச் சாயங்காலப் பேருந்தில் ஏறி வருவேன். தேர்தல் வேலை, விடுமுறை, அதிகாரி மாற்றம் என்று ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான்.

ஐந்தாவது மாதம் இறப்புக்கான உத்தரவு வந்தது. அதை வைத்து விண்ணப்பித்து, எட்டாவது மாதம் என் பிறப்புக்கான உத்தரவும் வந்தது. சான்றிதழில் என் பெயர், பள்ளி ஆசிரியர் போட்ட ஜூன் தேதி, பிறந்த இடம் வீடு. ஜமுனாமரத்தூரில் நின்றே நிறுவனத்துக்கு அழைத்தேன். அந்தப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் பார்த்துவிட்டு, "அந்தத் தேர்வுப் பட்டியல் காலாவதி ஆயிடுச்சு மேடம். அடுத்த அறிவிப்பு வரும்போது புதுசா விண்ணப்பிங்க" என்றார்.

அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். அதற்குப் பிறகு சிமுலேட்டர் தேர்வு. அதாவது, தரையிலேயே நிற்கும் விமானி அறை ஒன்றில் உட்கார்ந்து ஓட்டிக் காட்ட வேண்டும். நான் கடைசியாகப் பறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. முந்தின வாரம் முழுக்க, வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டிய கருவிப் பலகைப் படத்தைப் பார்த்துக் கைகளை நகர்த்திப் பழகினேன். அம்மா கடந்து போகும்போதெல்லாம் என் முன்னால் குறுக்கே வராமல் சுற்றிக்கொண்டு போனாள்.

தேர்வில் முதல் பத்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு ஒரு இன்ஜினை நிறுத்திவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு படியும் மனதில் வரிசையாக வந்தது. ஆனால் கைக்கு அது வந்து சேர்வதற்குள் விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. பிடித்தேன், அதிகமாகப் பிடித்துவிட்டேன், மறுபக்கம் போனது. உயரம் குறைந்தது. பக்கத்தில் இருந்த தேர்வாளர் மெதுவாக, "கடைசியா எப்ப பறந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்லியிருப்பேன்?

வீட்டுக்கு வந்தபோது புளி உலுக்கும் காலம். அப்பா மரத்தில் இருந்தார். நானும் அம்மாவும் கீழே பொறுக்கிக் குவித்து, ஓடு தட்டிக்கொண்டிருந்தோம். தேர்வு ஆகவில்லை என்பதை வந்தவுடனேயே சொல்லிவிட்டேன். அம்மாவின் முகத்தில் ஒரு குற்ற உணர்வு இருந்தது. உன்னால் இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அப்படிச் சொன்னால், வேறு யாரால் என்ற கேள்வி வரும். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே பெயர் அங்கே வந்து நிற்கும்.

ஓடு தட்டிக்கொண்டே அம்மாவே பேச்சை எடுத்தாள். "அவ மொகம் வேற. உன்ன மாதிரி இல்ல. தூங்கறப்பக்கூட ஒரு கைய மூடியே வச்சிருப்பா. பிரிச்சா மறுபடி மூடிக்குவா."

அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நான் ஓடு தட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவள் அடுத்த குவியலுக்கு நகர்ந்து போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தது. அதற்குள் பறக்கும் மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் நல்லது என்றும் இருந்தது. பழைய கம்பெனிக்காரர் ஆப்பிரிக்காவிலிருந்து, இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று எழுதியிருக்கிறார். போனால் கைப்பழக்கம் திரும்ப வந்துவிடும். ஆனால் இங்கே அறிவிப்பு வரும் நேரத்தில் நான் அங்கே இருப்பேன், நினைத்தவுடன் விட்டுவிட்டு வர முடியாது. இங்கேயே இருந்தால் அறிவிப்பு வரும்போது நான் இருப்பேன், கை இருக்காது. நான்கு நாளாக இதையே மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று ஜமுனாமரத்தூர் வரை போய், அவருக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். வணக்கம் என்று எழுதினேன், நலமா என்று கேட்டேன். பேருந்து வந்துவிட்டது, ஏறி வந்துவிட்டேன்.