வாசனைக்கு ஒரு மூடி ஜாவேல்

ஐத் வாசிஃப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் கவாத்துக்காரர் ஹத்தூவைப் பற்றி ஒன்றுதான் சொல்வார்கள்: கை சுத்தமான ஆள். பதினைந்து வயதில் கத்தரியைப் பிடித்தவர், இப்போது ஐம்பத்தெட்டு. மரத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாலே போதும், எந்தக் கிளை இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி இத்தோ மட்டும், "ஊர்ல இருக்கற மரத்துக்கெல்லாம் முடி வெட்டறாரு, சொந்தத் தாடியை ஒதுக்கத் தெரியல" என்று கேலி செய்வாள். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடும் மனிதரை வீட்டில் ஒருத்தியாவது இறக்கிவிட வேண்டாமா?

அந்த ஹத்தூ, பிப்ரவரி மாதத்து ஒரு காலையில், கூட்டுறவுச் சங்கத்தின் பழம் அடுக்கும் கொட்டகையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கைகள் இரண்டும் ஜெல்லாபா அங்கிக்குள். குளிருக்காக என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். குளிரும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

சமாச்சாரம் போன மே மாதம் தொடங்கியது. பூ உதிர்ந்த கையோடு நெருப்பு நோய் வந்தது. கொழுந்து நுனி கருகி வளைந்து தொங்கும். இலை அடுப்பில் வாட்டினது போல் ஆகும். பட்டையில் தேன் நிறத்தில் கோந்து கசியும், அந்த ஒரு சொட்டில் கோடிக்கணக்கான பாக்டீரியா. குணமாக்கும் மருந்து கிடையாது. கருகலுக்கு ஒரு முழம் கீழே வெட்டி, வெட்டியதை எரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை ஜாவேல் கலந்த தண்ணீரில் முக்க வேண்டும் என்று விவசாய அலுவலகத்து ஆள் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார். ஜாவேல் ஒன்றும் கிடைக்காத சரக்கு இல்லை. துணி வெளுக்க வீட்டுக்கு வீடு இருப்பதுதான்.

ஹத்தூ முக்கினார். இரண்டே நாள். பிரான்சில் வேலை பார்க்கும் மகன் அனுப்பிய கத்தரி அது. அதைத் தன் தட்டைவிடச் சுத்தமாக வைத்திருப்பார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஜாவேல் அரித்து அலகில் கரும்புள்ளிகள் விழுந்திருப்பதைப் பார்த்தபோது அவருக்கு வயிறு எரிந்தது. மூன்றாம் நாள் வாளியில் வாய்க்கால் தண்ணீரை நிரப்பினார். இன்றைக்கு மட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தோட்டக்காரர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே? வாசனைக்கு ஒரு மூடி ஜாவேல் ஊற்றினார்.

அந்த 'இன்றைக்கு மட்டும்' ஆறு வாரம் ஓடியது. முக்குவதை மட்டும் அவர் விடவே இல்லை. வெட்டு, முக்கு, வெட்டு, முக்கு. முன்னைவிட ஒழுங்காகவே முக்கினார். ஏமாற்றுகிறவனுக்குத்தான் இவ்வளவு ஒழுங்கு தேவைப்படுகிறது.

வெட்ட வெட்ட நோய் கூடியது. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வரும்போது, சங்கத்தின் தலைவரும் பெரிய தோட்டக்காரருமான ஹாஜி மீமூன் பள்ளிவாசல் வாசலில் வைத்தே கேட்டார்: "என்னப்பா ஹத்தூ, நீ இந்தப் பக்கம் வெட்டற, அது அந்தப் பக்கம் முளைக்குது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹத்தூவின் வாயிலிருந்து, யோசிக்கும் முன்பே, வந்துவிட்டது: "நான் வெட்டறேன், தேனீ கொண்டுவருதே. கோந்து மேல போய் உக்காருது பாக்கலையா?"

பள்ளத்தாக்கில் தேனீ வளர்ப்பவர் ஒருவர்தான், பாஸ்ஸூ. நாற்பது பெட்டி. அடுத்த வாரமே ஊர் கூடி, பெட்டிகளை எடு என்றது. கொளுத்தும் வெயிலில், நல்ல பகல் நேரத்தில், அவற்றை லாரியில் ஏற்றி மேலே கற்சரிவுக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே மெழுகு உருகி, தேன் வழிந்து, தேனீக்கள் அதிலேயே மூழ்கிச் செத்தன. இருபத்தாறு பெட்டி காலி. அதன் பிறகு பாஸ்ஸூ இதே கொட்டகையில் ஆப்பிள் பெட்டி தூக்கும் கூலிக்கு வந்தார். எதிரே வரும்போதெல்லாம் ஹத்தூவுக்கு ஸலாம் சொன்னார். ஹத்தூ பதில் சொல்லிவிட்டுக் காலைப் பார்த்து நடப்பார்.

மெக்னெஸிலிருந்து வந்த ஸுகைனா என்ற ஆராய்ச்சிப் பெண், போன கோடையில் பதினொரு தோட்டங்களில் கருகிய கொழுந்துகளைப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தாள். இன்று அவற்றைச் சோதித்த முடிவோடு கொட்டகைக்கு வந்திருக்கிறாள்.

"இந்தப் பாக்டீரியா சர்க்கரையால ஒரு போர்வை நெய்து போத்திக்கும்" என்று ஆரம்பித்தாள். "போர்வை இல்லன்னா மரமே அதை அடக்கிடும். உங்க ஊருக்கு வந்ததோட போர்வை ரொம்பத் தடிப்பு. அதான் ஒரே கோடையில மரம் மரமாப் போச்சு. அது எங்கிருந்து எங்க போச்சுன்னும் அதோட மரபணுவுலயே எழுதியிருக்கு."

"எழுதப் படிக்க வேற கத்துக்கிச்சா? நம்ம ஹத்தூவைவிடக் கெட்டிதான்" என்றார் ஹாஜி மீமூன். கொட்டகையே சிரித்தது.

ஸுகைனாவும் சிரித்தாள். "காப்பி அடிக்குது ஹாஜி. பரீட்சையில ஒருத்தன் தப்பா எழுதினா, அவனைப் பார்த்து எழுதறவனும் அதே தப்பை எழுதுவான், கூட சொந்தமா ஒண்ணு சேப்பான். தப்பை எண்ணினா யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு தெரிஞ்சிடும். அப்படி எண்ணினேன். உங்க தோட்டத்துலேருந்து கிளம்பினது பக்கத்துத் தோட்டத்துக்குப் போகல. நேரா ஆத்தோரம். அங்கேருந்து மேலே, பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி. மறுபடி கீழே, பாலத்தடி. தேனீ இப்படிப் போகாது, பக்கத்துல இருக்கறதைத்தான் முதல்ல பார்க்கும். அதுவும் இது பரவினது பூவெல்லாம் கொட்டினப்புறம். பாஸ்ஸூ அண்ணனோட தேனீ மேல தப்பில்ல. வெட்டற கத்தரிதான் கொண்டுபோயிருக்கு."

மீமூன் தோட்டம், ஆத்தோரம், பள்ளிக்கூடத்துப் பின்புறம், பாலத்தடி. எழுதப் படிக்கத் தெரியாத ஹத்தூவுக்கு அந்த வரிசை நன்றாகப் புரிந்தது. யார் முதலில் ஆள் அனுப்பினார்களோ அந்தப் படியே அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போன வழி அது. எல்லாக் கண்ணும் தன் மேல் திரும்பும் என்று காத்திருந்தார். திரும்பவும் செய்தன, ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை.

"நிறுத்தும்மா" என்று எழுந்தார் ஹாஜி மீமூன். "ஹத்தூவையா சொல்ற? டீ குடிக்கறப்பகூட ஒரு கையால முக்கிக்கிட்டு இருந்த மனுஷன்! இந்தக் கண்ணால பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்."

"என் தோட்டத்துல வெட்டுக்கு ஒருதரம் முக்கினாரு. போதும் போதும்னு நானே சொன்னேன்."

"உங்க ஆராய்ச்சி மிஷினைப் போய் ஜாவேல்ல கழுவும்மா. தேனீதான், சந்தேகமே இல்ல."

ஆளுக்கு ஆள் சாட்சி. ஹத்தூ வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. அந்த நிம்மதி ஒரு நொடி உள்ளே வந்து உட்கார்ந்ததை உணர்ந்தபோதுதான் அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

ஹாஜி மீமூன் கதவோரம் நின்ற பாஸ்ஸூவைப் பார்த்தார். "நீயே சொல்லு. உன் பெட்டிகளுக்குப் பக்கத்துலதானே மூணு நாள் வெட்டினான்? ஜாவேல்ல முக்கினானா, இல்லையா?"

பாஸ்ஸூ என்ன சொல்வார் என்று யாருக்குத்தான் தெரியாது? தன் தேனீக்களுக்கு ஆதரவாக ஒரு படித்த பெண்ணே பேசிவிட்டாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினால் போதும். பாஸ்ஸூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என் ஈ பண்ணல, அது எனக்குத் தெரியும். ஆனா அதுக்காக இல்லாததைச் சொல்ல முடியுமா? ஹத்தூ ஜாவேல்லதான் முக்கினான். வாசனை என் மூக்குல ஏறிச்சு. வல்லாஹி, அல்லாஹ் மேல சத்தியமா ஜாவேல்தான்."

கொட்டகை திருப்தியாக முனகியது. ஹத்தூ எழுந்தார். எப்படி எழுந்தீர்கள் என்று பிறகு இத்தோ கேட்டபோதும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தண்ணி" என்றார்.

"தாகமா? யாராவது அவனுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றார் ஹாஜி மீமூன்.

"வாளியில இருந்தது வெறும் தண்ணி, ஹாஜி. கத்தரி கெட்டுப்போகுதுன்னு... வாசனைக்கு ஒரு மூடி ஊத்தினேன்."

ஸுகைனாதான் மெதுவாகக் கேட்டாள்: "ஒரே தண்ணியிலயா? நாள் பூரா?"

"ஆமா."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. "முக்காமலே வெட்டியிருந்தா இவ்வளவு போயிருக்காது மாமா. அந்த வாளிதான் ஒவ்வொரு கிளைக்கும் கொண்டுபோய்க் குடுத்திருக்கு."

ஒரு திட்டு விழுந்திருந்தால் ஹத்தூ தாங்கியிருப்பார். காறித் துப்பியிருந்தாலும் சரி. ஹாஜி மீமூன் உட்கார்ந்து, செருப்பிலிருந்த சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். நேற்றுவரை தன் வீட்டுக் கல்யாணங்களில் அவரை முதல் பந்தியில் உட்காரவைத்த மனிதர். ஹத்தூ ஆட்களை விலக்கிக்கொண்டு பாஸ்ஸூவிடம் போனார்.

"பாஸ்ஸூ, உன் பெட்டிங்க..."

"பெட்டி கிடக்கட்டும்" என்றார் பாஸ்ஸூ. குரல் உயரவே இல்லை. "இப்ப, இத்தனை பேர் முன்னாடி, என்னைப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சுட்டியே. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி உனக்கு எழுந்திருக்கத் தோணலையா?"

தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றே ஊர் முடிவு செய்தது: மிஞ்சிய பதினான்கு பெட்டிகளும் வசந்தத்தில் தோட்டங்களுக்குத் திரும்பலாம். ஹாஜி மீமூன் தானே போய் பாஸ்ஸூவிடம் சொன்னார். ஹத்தூவை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வேலைக்கும் கூப்பிடவில்லை.

பொய்யாகிப்போன சத்தியத்துக்குப் பரிகாரமாக பாஸ்ஸூ மூன்று நாள் நோன்பு பிடித்தார். தெரியாமல் செய்த சத்தியத்துக்குப் பரிகாரம் தேவையில்லை என்று இமாம் சொல்லியும் கேட்கவில்லையாம். இதைக் கேள்விப்பட்ட ஹத்தூ, அந்த நோன்பைத் தான் பிடிக்க முடியுமா என்று இமாமிடம் கேட்டார். ஒருவர் சத்தியத்துக்கு இன்னொருவர் பட்டினி கிடக்க முடியாது என்றார் இமாம்.

மூன்றாம் நாள் இத்தோ ஹரீரா சூப் காய்ச்சினாள், கறியும் கொண்டைக்கடலையும் தாராளமாகப் போட்டு. பொழுது சாயும் நேரத்தில், பாஸ்ஸூ நோன்பு திறக்கட்டும் என்று, ஹத்தூவே அந்தப் பானையைத் தூக்கிக்கொண்டு போனார். பாஸ்ஸூவின் மனைவி கதவைத் திறந்து, பானையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தினாள். வாங்கிக்கொண்டாளே என்று ஹத்தூவுக்கு மனம் கொஞ்சம் லேசானது. திரும்பி வந்து, அன்று இரண்டு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் பானை வாசற்படியில் இருந்தது. யார் வீட்டுப் பாத்திரமானாலும் ஒரு கைப்பிடி பேரீச்சையோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு சர்க்கரைக் கட்டியோ போட்டுத்தான் எங்கள் ஊரில் திருப்பிக் கொடுப்பார்கள். ஹத்தூ மூடியைத் திறந்து பார்த்தார். பானை கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தது.