வஞ்சிரம் கழுவிய கைக்கடிகாரம்

காலை ஏழேகால். நெய்வேலியில் புதுச்சேரிப் பேருந்தில் ஏறினேன். நேரம் செல்போனில் பார்த்தது. பதினோரு கைக்கடிகாரம் வைத்திருக்கிறவன் வெறுங்கையோடு போகிறானே என்று சிரிக்காதீர்கள். பேருந்துக் கம்பியில் உரசிக் கீறல் விழுந்தால் யார் பதில் சொல்வது? பதினொன்றும் கடலுக்கடியில் முங்குகிறவர்கள் கட்டுகிற உசத்தி ரகம். எனக்கு நீச்சல் தெரியாது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அவற்றை வைக்கும் பெட்டியில் பன்னிரண்டு குழி. கடைசிக் குழிக்கு ஒன்று வாங்க என் மனைவி செல்வி ஒருவழியாகத் தலையாட்டியிருந்தாள். "இதோட சரி. இன்னொரு வாட்ச்சுன்னு பேச்செடுத்தீங்க, பொட்டியோட நீங்களும் வெளியதான்" என்றாள். ஆக, இன்றைக்குத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஆயுசுக்கும் தப்புதான்.

கடலூர் வழியாக எழுபது கிலோமீட்டர் சொச்சம். அரியாங்குப்பம் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. பத்து மணிக்குப் புதுச்சேரியில் இறங்கி, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தெருவைச் சொன்னதுமே ஆட்டோக்காரர், "சொல்தா வூட்டுக்கா? ஏறுங்க, நூத்தம்பது குடுங்க" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பியவர்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள்.

அந்துவான், எழுபதைத் தாண்டிய சொல்தா. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தார். ஒரே மாதிரி இரண்டு கடிகாரங்கள், ஆரஞ்சு முகப்பு, சாவித் திருகு இடப்பக்கம். எல்லாக் கடிகாரத்துக்கும் திருகு வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் வைப்பது அபூர்வம். எதை எடுத்தாலும் இரண்டே முக்கால் லட்சம்.

"மாடி ஒழுவுது சார். மழைக்கு முன்ன தளம் போட்டாவணும். ஒண்ணு போனா போதும், எது வேணுமோ எடுங்க" என்று ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார். கண்ணாடிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. பிரான்ஸில் ஜோடியாக வாங்கினாராம். "நல்ல நாள் பாத்துக் கட்டலாம்னு வச்சேன். வச்சது வச்சபடியே கெடக்குது."

"இன்னொண்ணு எங்கங்க?"

"அது எங்க வூட்டுக்காரம்மா கையில இருக்கு. மார்க்கெட் போயிருக்கா."

கொஞ்ச நேரத்தில் அவர் மனைவி மதலேன் பையோடு வந்தார். நேரே கொல்லைக் குழாயடிக்குப் போய் வஞ்சிரத்தைக் கழுவ உட்கார்ந்தார். பின்னாலேயே போனேன். கையிலிருந்த கடிகாரமெல்லாம் மீன் செதில்!

"ஐயையோ, அம்மா, வாட்ச்சு!"

"கடல்ல முந்நூறு மீட்டர் போவும்னு கம்பெனிக்காரனே சொல்றான். எங்கூட்டுக் கொழாத்தண்ணியில செத்துருமா? ஒங்க வூட்ல இதெல்லாம் நனையவே நனையாதா?"

அவர் கழற்றிக் கழுவித் தந்த கடிகாரத்தை வாங்கிப் பார்த்தேன். வெயில் பட்டுப்பட்டு ஆரஞ்சு முகப்பு பழுத்த பப்பாளி நிறத்துக்கு வந்திருந்தது. அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் பெட்டியில் இருப்பது கை படாத புதுசு. புதுசா, பழுத்ததா? என்னைப் போன்ற கிறுக்கர்களுக்கு இரண்டுமே கிடைத்தற்கரியவை. தலை சுற்றியது. கூடத்துக்கும் குழாயடிக்குமாக நடந்தேன். கடைசியில், "பப்பாளிதான்" என்றேன்.

"சரி, எடுத்துக்கோங்க" என்றார் மதலேன். "சாப்ட்டுட்டுத்தான் போவணும்." அவர் மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

உலையில் அரிசி போட்டவர் தன் வலக்கையை இடது மணிக்கட்டுக்குக் கொண்டுபோனார். முங்குகிறவர்கள் காற்று எவ்வளவு நேரம் வரும் என்று கணக்குவைக்க வெளி வளையத்தைத் திருப்புவார்கள். இவர் சோறு வடிக்கத் திருப்புவாராம். கை வெறுமையாக இருந்தது. மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி மணிக்கட்டைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் இருக்கிறது, அதை அவர் பார்க்கவே இல்லை. சோறு குழைந்துவிட்டது.

"பரவால்ல, பழகிடும்" என்றார், பரிமாறிக்கொண்டே. அந்துவான் தலைநிமிராமல் குழைந்த சோற்றைப் பிசைந்தார். எனக்கு வஞ்சிரம் இறங்கவில்லை.

கை கழுவியதும், "பெட்டியில இருக்கறதையே எடுத்துக்கறேங்க" என்று பப்பாளியை நீட்டினேன். நான் சொல்லி முடிக்குமுன் மதலேன் தன் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார்.

"ஏன் சார், மீன் நாத்தமா?" என்றார் அந்துவான்.

"ஆமாங்க" என்று கூசாமல் புளுகினேன்.

மூன்றரை மணி வண்டி. மடையா, கையில் கிடைத்த பப்பாளியை விட்டுவிட்டு வருகிறாயே என்று மனசு திட்டித் தீர்த்தது. அரியாங்குப்பத்தில் இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட எழுந்து நின்றேன். "சார், இறங்கணுமா, வேணாமா?" என்றார் கண்டக்டர். அதுதான் எனக்கும் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தேன். பதினொன்றும் பளபளவென்று என்னைப் பார்த்தன. ஒன்றாவது ஒரு சொட்டுத் தண்ணீர் கண்டிருக்குமா? புதுக் கடிகாரத்தின் பிளாஸ்டிக் தாளை நகத்தால் கிள்ளி உரித்தேன். விலையில் பாதி போயிருக்கும், போகட்டும்! கையில் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போனேன்.

செல்வி காலிக் குழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப, இந்தக் குழிக்கு இன்னொண்ணு வாங்கப் போறீங்களா?"

"இல்லடி" என்று குழாயைத் திறந்தேன். நெய்வேலியில் கடல் இல்லை. குழாய் இருக்கிறது.