துவைக்காத காலுறை

எமில் ஹார்ட்சக்கைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் என் ஆயுளில் கண்டதில்லை. ரயில் பாலத்தின் மேல் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான். நேற்றைய இறைச்சியைத் தட்டில் வைத்தால் மூன்று முறை முகர்ந்து பார்ப்பான். இப்படிப்பட்டவன் பிழைப்புக்கு வந்து நின்ற இடமோ பேஸ்பால் மைதானத்தில் இரண்டாவது பேஸ். அடியில் இரும்பு ஆணி வைத்த பூட்ஸை முன்னால் நீட்டிக்கொண்டு தடித்தடியான ஆட்கள் சறுக்கி வந்து விழுகிற இடம் அது. வேறு இடத்தில் நிற்க அவனுக்கு உயரமும் இல்லை, தோள் பலமும் இல்லை.

நான் கார்னி ஷீஹன். அதே மில்பர்ன் அணியில், மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவன். என் பத்து விரலும் பத்துத் திசையைப் பார்க்கும். ஓஹியோவில் இரும்பாலை ஊர்கள் சில சேர்ந்து நடத்திய லீக்கில், 1907இல், எங்களைவிட மட்டமான அணி கிடையாது. எங்களுக்குப் பச்சைக் காலுறை. மற்றபடி எங்களிடம் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

எமிலின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவனுடைய அண்ணன் பெயர் ஆகஸ்ட், தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவன். கெண்டைக்காலில் ஒரு கீறல், அதன் மேல் சாயக் காலுறை. ஒரு வாரத்தில் ஆளைப் புதைத்தார்கள். சாயம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றாராம் டாக்டர். ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமே அந்த நாளில் சாயத்தைப் பற்றி அரைகுறையாக ஒரு நம்பிக்கை உண்டு. எமிலுக்கு அது முழுசாக இருந்தது. அதனால் பச்சைக்கு உள்ளே வெள்ளைக் காலுறை ஒன்று போட்டுக்கொள்வான். ‘கல்யாணப் பொண்ணு வந்தாச்சு’ என்று நாங்கள் கத்துவோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவேன்.

மே மாதமும் ஜூனும் தோற்றோம். ஜூலையில் ஒரு நாள் விடாத தூறல் பிடித்துக்கொண்டது. எமிலின் மனைவி லாட்டி துவைத்துப் போட்ட வெள்ளைக் காலுறைகள் காயவில்லை. வெறும் பச்சையோடு வந்து பயந்து பயந்து ஆடினான். அன்று ஜெயித்தோம். மறுநாளும் தூறல், மறுநாளும் ஜெயித்தோம். மூன்றாவது வெற்றிக்குப் பிறகு மேனேஜர் ப்ரூயிட் உடை மாற்றும் அறையின் நடுவில் நின்று உத்தரவு போட்டார். தோற்கிற வரைக்கும் யாரும் எதையும் மாற்றக்கூடாது, காலுறையைத் துவைக்கவே கூடாது.

யாரும் சிரிக்கவில்லை. இதை நம்பாத ஆட்டக்காரன் இன்னும் பிறக்கவில்லை. நானே அதுவரை புகையிலையை இடது கன்னத்தில்தான் அடக்கிக்கொண்டிருந்தேன், ஒரு வேளைகூட வலதுக்கு மாற்றவில்லை. எமில் மட்டும் மேனேஜர் பின்னாலேயே போனான். உள்ளே வெள்ளை போட்டுக்கொள்கிறேன், வெளியே தெரியாது என்று கெஞ்சினான்.

“ஜெயிச்ச அன்னைக்கு எப்படி இருந்தியோ, அப்படியே இரு. பிடிக்கலைன்னா பெட்டியக் கட்டு” என்றார் ப்ரூயிட்.

லாட்டி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. எமில் பெட்டியைக் கட்டவில்லை.

வெற்றி மேல் வெற்றி வந்தது. ஆலைக்காரர்கள் வேலை முடிந்த கையோடு கரி படிந்த முகத்தோடு ஆட்டம் பார்க்க ஓடி வந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்தார். காலுறைகளோ வியர்வையும் மண்ணும் ஊறி, கழற்றி வைத்தால் தானாகவே நின்றன. எங்கள் அறைப் பக்கம் நாய்கூட வராது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தபோது எமில் இளைத்துக்கொண்டே போனான். ஆட்டம் முடிந்ததும் மூலையில் உட்கார்ந்து, காலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பான், எங்காவது தோல் கிழிந்திருக்கிறதா என்று.

முதலில் எனக்கு அவன் மேல் எரிச்சல்தான். எதிரணிக்காரன் பந்து அடிபடாமலே இரண்டாவது பேஸைப் பிடிக்க, எங்கள் பாஷையில் திருட, ஓடினால், பந்தை எமிலுக்கு எறிய வேண்டியது என் வேலை. அதை வாங்கி, ஓடி வருகிறவனைத் தொட வேண்டியது அவன் வேலை. அவனோ பந்தைப் பார்க்காமல் பூட்ஸைப் பார்ப்பான். கடைசி நொடியில் துள்ளி விலகுவான். எதிராளிகளுக்கு அது தெரிந்துபோயிற்று. வேண்டுமென்றே காலை உயர்த்திக்கொண்டு வந்தார்கள். நாளாக ஆக எனக்கும் அந்தப் பூட்ஸ்தான் கண்ணில் பட்டது. எறிந்தால் அவன் கால் போகும், எறியாவிட்டால் ஆட்டம் போகும். ஒவ்வொரு முறையும் எறிந்தேன்.

ஆகஸ்ட் மாதம் கார்வின் ஊர் அணி வந்தது. அதில் ஒரு மாடு மாதிரி ஆள், எங்கள் கண் முன்னாலேயே உட்கார்ந்து பூட்ஸ் ஆணியை அரம் வைத்துத் தீட்டினான். ஏழாவது சுற்றில் அவன் ஓடினான், நான் எறிந்தேன். எமில் துள்ளவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பந்தை வாங்கி அவனைத் தொட்டான். ஆள் அவுட். மைதானம் எழுந்து நின்று எமிலின் வீரத்துக்குக் கை தட்டியது. பின்னால் நான் கேட்டபோது, பயத்தில் கால் மரத்துப்போய் நகரவே முடியவில்லை என்றான்.

ஆணி கிழித்த இடத்தில் பச்சைக் காலுறை ரத்தத்தில் கறுப்பாக நனைந்திருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து அதை உருவப் போனான். ப்ரூயிட் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடியட்டும் என்றார். எமில் என்னைப் பார்த்தான். நான் என் கையுறையைப் பார்த்தேன். அவன் எழுந்து நொண்டிக்கொண்டே மீதியையும் ஆடினான். அன்றும் ஜெயித்தோம்.

அதற்கடுத்த இரண்டாம் நாள் அவன் எழுந்திருக்கவில்லை. கால் வீங்கி, காயத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. டாக்டர் கீறிச் சீழ் எடுத்தார். கோடு முழங்காலைத் தாண்டினால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். இதைக் கேட்டதும் ப்ரூயிட் என்னைத் தனியே கூப்பிட்டார். எமிலின் இடத்தில் வேறு ஒருவன் ஆடுவான், ஆனால் காலுறை அதேதான் வேண்டும், நீ போய் வாங்கி வா என்றார்.

போனேன். லாட்டி அடுப்படியில் நின்றிருந்தாள். பெரிய பானையில் தண்ணீர் பச்சையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. எமில் கட்டிலில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான்.

“கார்னி, நீ பாத்துச் சொல்லு. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு. முட்டியத் தாண்டிடுச்சா?”

போர்வையை விலக்கினேன். முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடையில் கோடு நின்றிருந்தது. இன்னும் தாண்டவில்லை என்றேன். எதற்கு வந்தாய் என்று கேட்டான். மென்று விழுங்கிச் சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“குடுத்துடு லாட்டி” என்றான்.

“துவைச்சாச்சு. பானைக்குள்ளதான் கிடக்கு” என்றாள் அவள்.

எமில் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். போகப்போகிற காலைவிட அந்தப் பானையைப் பார்த்துத்தான் அவன் அதிகம் நடுங்கினான். “தோத்தா என் தலையிலதானே போடுவாங்க” என்று முனகினான்.

நான் மைதானத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். எருதுபோல இருந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்து வீசுபவன் சிலுவை போட்டுக்கொண்டான். அன்று எல்லோர் கையிலிருந்தும் வெண்ணெய் தடவினது போலப் பந்து நழுவியது. என் எறியே ஒருமுறை வேலியைத் தாண்டியது. ஒன்பதுக்கு ஒன்று என்று தோற்றோம். இனி ஹார்ட்சக் இந்த ஊரில் ஆட மாட்டான் என்று ப்ரூயிட் எல்லோர் முன்னாலும் சொன்னார். நாங்கள் எங்கள் கையுறைகளைப் பொறுக்கிக்கொண்டு கலைந்தோம்.

உடைகூட மாற்றாமல் எமில் வீட்டுக்கு நடந்தேன். வாசலில் டாக்டர் குதிரை வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார். கோடு இறங்குகிறது, கால் தப்பித்தது என்றார். உள்ளே போனதும் எமில் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“தோத்தாச்சா?”

“தோத்தாச்சு.”

“என்னைத் தூக்கிட்டாங்களா?”

“தூக்கிட்டாங்க.”

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். “போகட்டும். இனிமே எல்லாரும் துவைக்கலாம்ல” என்றான்.

பானை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது, உங்களுடையதைக் கழற்றிக் கொடுங்கள் என்றாள் லாட்டி. உட்கார்ந்து காலுறையை உருவினேன். வலது காலில் அது தோலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இழுத்தேன். அடியில் ஒரு காயம். சுற்றிலும் பச்சை படிந்து, ஓரம் சிவந்திருந்தது. எப்போது பட்டதென்று எனக்கே தெரியவில்லை. குனிந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

எமில் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். “காலத் தூக்கி இங்க வை. லாட்டி, விளக்கக் கொண்டா.”

என் காலை மடியில் வைத்துக்கொண்டு, காயத்திலிருந்து முழங்கால்வரை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டே போனான்.

“கோடு ஏதாச்சும் தெரியுதா?” என்றேன்.

“பொறுடா. ஆடாம இரு, பாக்குறேன்” என்றான் எமில்.