ஒரு பக்கம் மட்டும் நின்ற மழை

ராமகுப்பத்தில் நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஆயிரக்கணக்கான புழுக்கள் மல்பெரி இலையைத் தின்னும் சத்தம் தூறல் போலவே இருக்கும். அதைக் கேட்டபடி மதியத்தில் கொட்டகையிலேயே கண்ணயர்ந்துவிடுவேன்.

போன மாதம் அப்படித் தூங்கியபோது, கனவில் எங்கள் ஏரியில் மழை பெய்துகொண்டிருந்தது. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் மழை நின்றது. விழித்துப் பார்த்தால், அன்று பறித்த இலையைப் போட்ட தட்டில் புழுக்கள் துவண்டு கிடந்தன. மற்ற தட்டுகளுக்கான இலை மூட்டை வாசலில் காத்திருந்தது.

புழு முட்டை கொடுத்தவரிடம் சண்டை போடப் போனை எடுத்தேன். அதே முட்டையில் வந்த மற்ற புழுக்கள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று தோன்றியதும் வைத்துவிட்டேன். எங்கள் மல்பெரித் தோட்டத்துக்குப் பக்கத்து நிலத்தில் தக்காளி போட்டிருக்கும் தேவகியிடம் போய் வரப்பில் உட்கார்ந்தேன்.

"செடி எப்டிகீது தேவகி?" என்று மட்டும் கேட்டேன்.

"பூச்சி வுழுந்துட்ச்சிக்கா. நேத்து மருந்து அடிச்சோம். காத்து உன் தோட்டத்து பக்கமா அடிச்சிக்கினு இருந்துச்சி."

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். புழு வூட்டாண்ட யாரும் வரக்கூடாதுன்னு நீதான் தொரத்திட்ட."

நோய் தொற்றுமென்று வெளியாரை அண்டவிடாதது எங்கள் தொழில் வழக்கம். நோயோடு சேதியையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன்.

மருந்து பட்ட அந்த இலை மூட்டையைக் குழியில் கொட்டி மூடினேன். மற்ற தட்டுகள் தப்பின.

இப்போது கொட்டகைக்குச் சற்று எட்ட, வேப்பமரத்தடியில் இரண்டு நாற்காலி கிடக்கிறது. இலை பறிக்குமுன் தேவகியோடு அங்கே ஒரு டீ. காற்று எந்தப் பக்கம் என்பதில் பேச்சு தொடங்கும். அவள் பேசப் பேச, கொட்டகைக்குள் தூறிக்கொண்டே இருக்கும்.